மாணவன் எழுதியதும் மரத்தில் எழுதியதும்

பிறை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பொறியியலாளர்களுக்கு 'டி டெஸ்ட்' பழகிப்போன சமாச்சாரம். இரண்டு மெஷினிலிருந்து பத்துப் பத்து உதிரிப்பாகம் எடுத்து அளந்து, தெரிகிற வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று எக்செலில் தட்டிப் பார்ப்போம். செபராங் ஜெயாவிலிருந்து தினமும் அந்த வேலைக்குத்தான் போய் வருகிறேன். அந்தக் கணக்கு பீர் ஆலையில் பிறந்தது என்று பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லவில்லை.

வில்லியம் சீலி கோசெட் ஆக்ஸ்ஃபர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு 1899-இல் டப்ளின் கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். எந்த பார்லி நல்லது, எந்த மால்ட் அதிகச் சாறு தரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் காசும் காலமும் ஆகும். கையில் மிஞ்சுவது நாலைந்து அளவீடுகள். அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கில் கேட்டது. இந்த நாலைந்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கணக்காக்கி 1908-இல் 'பயோமெட்ரிகா' இதழில் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத கம்பெனி விடாது. அதனால் 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவன், என்று பெயர் போட்டுக்கொண்டார்.

வீட்டில் இருபது லிட்டர் பீர் காய்ச்சுகிறவரின் பாடும் இதேதான். வருஷத்துக்கு ஐந்தாறு தடவைதான் காய்ச்ச முடியும். ஆகவே எழுதி வைக்க வேண்டும்: மால்ட் எத்தனை கிலோ, எந்த ஈஸ்ட், என்ன சூடு, தொடக்க அடர்த்தி, இறுதி அடர்த்தி. 1.050-இல் தொடங்கி 1.010-இல் நின்றால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்க, சாராய அளவு சுமார் 5.2 விழுக்காடு. வெள்ளைக்காரர் எழுதிய கையேடுகள் ஏல் ஈஸ்ட்டுக்கு 20 பாகை என்கின்றன. நம் வீட்டு அடுப்பங்கரையோ ராத்திரியிலும் 28. அந்தப் புத்தகம் இங்கே பாதிதான் உதவும். மீதியைச் சொந்த நோட்டில்தான் தேட வேண்டும்.

நோட்டும் அளவுகோலும் பீரையே மாற்றியிருக்கின்றன. 1784-இல் ஜான் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், அடர்த்திமானியைக் காய்ச்சும் சாற்றில் மிதக்கவிட்டு எண்களைப் புத்தகமாகப் போட்டார். மூட்டைக் கணக்கில் மலிவாகத் தெரிந்த பழுப்பு மால்ட், சர்க்கரைக் கணக்கில் நஷ்டம் என்பது வெளிச்சமானது. வெளிர் மால்ட் விலை கூடுதல், ஆனால் சாறு அதிகம். போர்ட்டர் காய்ச்சியவர்கள் மெல்ல அதற்கு மாறினார்கள். வேதியியல் வகுப்பில் நாம் படித்த பி.எச். அளவும் 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் உருவாக்கியதுதான்.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் தங்கள் சரக்கைத் தாங்களே எழுதி வைத்தவர்கள், அல்லது அதற்குச் சம்பளம் வாங்கியவர்கள். நம் பாட்டன்மார் தோட்டத்தில் குடித்த கள்ளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கள் ஒன்றும் எளிய சரக்கு இல்லை. தென்னம்பாளையைச் சீவினால் வடியும் சாற்றில் சர்க்கரை பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, பதநீர். தடவாவிட்டால், நேற்றைய கலயத்தில் ஒட்டியிருக்கும் மண்டியே இன்றைக்கு ஈஸ்ட். சில மணி நேரத்தில் பீர் அளவுக்குப் போதை ஏறும். அடுத்த நாளே காடி. இத்தனையையும் அடர்த்திமானி இல்லாமல் மூக்காலும் நாக்காலும் நடத்தியவர்கள் கள் இறக்கியவர்கள்.

எழுத்து இல்லாமல் இல்லை. மதராஸ் மாகாணத்தில் கள் மரத்துக்கு வரி. வரி கட்டிய மரத்தின் மேல் எண் போட்டார்கள். மரத்துக்கு நம்பர் இருந்தது, ஏறுகிறவனின் அறிவுக்கு ஏடு இல்லை. மலாயாவில் கள் ஏறியது லைசென்ஸ் கணக்கிலும், போலீஸ் குறிப்பிலும். 1947-இல் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. அந்தக் கோபம் நியாயமானது. கொடுத்த கூலியைத் தோட்டத்து வாசலிலேயே திருப்பி வாங்கிக்கொண்ட கடைகள் அவை. ஆனால் அந்தப் போராட்டத்தைப் படித்தாலும், கள் எப்படி இறங்கியது என்பது தெரியவராது. வரிக்காரனுக்கும் அது தேவைப்படவில்லை, சீர்திருத்தக்காரனுக்கும் தேவைப்படவில்லை.

நார்வேயில் இதே நிலைமைதான் இருந்தது. மேற்குப் பண்ணைகளில் 'க்வைக்' என்ற ஈஸ்ட்டை மரவளையத்தில் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். முப்பது, நாற்பது பாகைச் சூட்டிலும் அது நொதிக்கும் (நம் ஊருக்கென்றே செய்ததுபோல). லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் என்ற கணினிப் பொறியாளர் நோட்டும் தெர்மாமீட்டருமாகப் பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டு எழுதினார். 2020-இல் அது புத்தகமாக வந்தது. இன்று உலகம் முழுக்க வீட்டில் காய்ச்சுகிறவர்கள் க்வைக் வாங்குகிறார்கள்.

அவரும் நம்மைப்போல் சம்பளக்காரர்தான், வரலாற்றுப் பேராசிரியர் ஒன்றும் இல்லை. பெருநிலத்துப் பக்கம் பாளை சீவத் தெரிந்த ஒரு தாத்தா கிடைத்தால் கேட்க என் நோட்டில் சில கேள்விகள் இருக்கின்றன. பாளையை எத்தனை நாள் தட்டிய பிறகு முதல் சீவல்? கலயத்தைக் கழுவுவது எதனால், எவ்வளவு? மழை பெய்த அன்று சாறு என்ன ஆகும்? அந்தி இறக்கியதற்கும் விடியலில் இறக்கியதற்கும் ருசி எப்படி மாறும்? எந்த மரம் எப்போதும் முந்திப் புளிக்கும், ஏன்?