சிறார் நீதிமன்றத் தன்னார்வப் பரிந்துரையாளர்

கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகி நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கும் குழந்தையின் நலனை எடுத்துச் சொல்ல அமெரிக்காவில் நீதிபதிகள் நியமிக்கும் தன்னார்வலர் சிறார் நீதிமன்றத் தன்னார்வப் பரிந்துரையாளர் எனப்படுகிறார். ‘கோர்ட் அப்பாயின்டட் ஸ்பெஷல் அட்வகேட்’ என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அங்கே ‘காசா’ என்பார்கள். புளோரிடா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் வழக்குக் காப்பாளர் என்ற பெயர் வழங்குகிறது. இவருக்கு ஊதியம் இல்லை. சட்டம் படித்திருக்க வேண்டியதும் இல்லை. 1977-இல் சியாட்டில் நகரில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நடைபெறுகிறது.

பின்னணி

பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் குழந்தை உறவினர் வீட்டிலோ, வளர்ப்புக் குடும்பத்திலோ, விடுதியிலோ தங்கவைக்கப்படுகிறது. மீண்டும் பெற்றோரிடம் அனுப்புவதா, உறவினரிடம் ஒப்படைப்பதா, தத்துக் கொடுப்பதா என்பதை நீதிபதி தீர்மானிக்க வேண்டும். அரசுத் துறைக்கு வழக்கறிஞர் உண்டு. பெரும்பாலும் பெற்றோருக்கும் உண்டு. சமூகப் பணியாளரோ ஒரே நேரத்தில் பல குடும்பங்களைக் கவனிக்கிறார், அடிக்கடி மாற்றலாகியும் போகிறார். யாருடைய வாழ்க்கைக்காக வழக்கு நடக்கிறதோ, அந்தக் குழந்தைக்காகப் பேசத்தான் நெடுங்காலம் ஆளில்லை.

1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறார் கொடுமைத் தடுப்பு, சிகிச்சைச் சட்டத்தை நிறைவேற்றியது. கூட்டரசின் நிதி வேண்டும் மாநிலங்கள், இத்தகைய வழக்குகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் சார்பில் பேச ஒரு வழக்குக் காப்பாளரை நியமிக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் வழக்குகளின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கும் அளவில் வழக்கறிஞர்களோ அவர்களுக்குக் கொடுக்கப் பணமோ இல்லை.

தோற்றமும் பரவலும்

வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்ட்டி சுப்பீரியர் நீதிமன்ற நீதிபதி டேவிட் சூகப், குழந்தையைப் பற்றிப் போதிய விவரம் கிடைக்காமலே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டியிருந்ததை எண்ணி மனம் வருந்தினார். பயிற்சி பெற்ற பொதுமக்களைக் குழந்தைகளுக்காக நியமிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஆர்வமுள்ளவர்களை மதிய உணவு வேளையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். நாலைந்து பேர் வந்தால் போதும் என்றிருந்தவர் முன் ஏறத்தாழ 50 பேர் வந்து நின்றனர். திட்டம் 1977-இல் செயலுக்கு வந்தது.

மற்ற நகரங்களின் நீதிபதிகளும் இதைப் பின்பற்றினர். 1982-இல் தேசியச் சங்கம் உருவானது. 1985-இல் அதிபர் ரீகன் அதற்குத் தன்னார்வப் பணிக்கான விருதை வழங்கினார். 1990-ஆம் ஆண்டின் சிறார் கொடுமைக்கு ஆளானோர் சட்டம் இதற்குக் கூட்டரசு நிதிக்கான வழியைத் திறந்தது. 1996-இல் திருத்தப்பட்ட 1974-ஆம் ஆண்டுத் தடுப்புச் சட்டம், வழக்கறிஞரையோ இத்தகைய தன்னார்வலரையோ இருவரையுமோ வழக்குக் காப்பாளராக நியமிக்கலாம் என்று வெளிப்படையாகவே கூறியது.

பணி

நியமன ஆணை கிடைத்ததும் பரிந்துரையாளர் குழந்தையை நேரில் சந்திக்கிறார். பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வளர்ப்புக் குடும்பத்தார், ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர் என ஒவ்வொருவரிடமும் பேசுகிறார். நீதிமன்ற ஆணையைக் கொண்டு பள்ளிப் பதிவேடுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் பார்க்கிறார். மாதம் ஒருமுறையாவது குழந்தையைப் பார்த்து வருவது பொதுவான நடைமுறை.

கோப்பில் ஏறாத செய்திகள் பல இப்படித்தான் தெரியவருகின்றன. உடன்பிறந்தவர்கள் வெவ்வேறு வீடுகளில் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கலாம். பின்தங்கிய மாணவன் எனப் பெயரெடுத்த பையனுக்குத் தேவை கண்ணாடியாக இருக்கலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வரும் தாய்க்கு, மகளைப் பார்க்க ஒதுக்கிய நேரம் வேலை நேரமாக அமைந்திருக்கலாம். இவற்றை எழுத்தில் தொகுத்து, தம் பரிந்துரைகளோடு நீதிபதியிடம் அளிக்கிறார். தீர்ப்பு நீதிபதியுடையதே, பரிந்துரை அவரைக் கட்டுப்படுத்தாது.

காலம் இந்த வழக்குகளில் முக்கியம். 1997-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, பாதுகாப்பான குடும்பங்கள் சட்டத்தின்படி, குழந்தையின் நிலையான இருப்பிடம் குறித்த விசாரணை 12 மாதங்களுக்குள் நடைபெற வேண்டும். கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த குழந்தையின் பெற்றோர் உரிமையை முடிவுக்குக் கொண்டுவர, சில விலக்குகள் நீங்கலாக, மாநிலம் மனுச் செய்தாக வேண்டும். எனவே தாமதமாகும் ஒவ்வொரு சிகிச்சையும் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு குடும்பம் சேர்வதையோ பிரிவதையோ நிர்ணயிக்கக்கூடும்.

தகுதி, பயிற்சி, வரம்பு

பொதுவாக 21 வயது நிறைந்தவர்கள் சேரலாம். குற்றப் பின்னணிச் சோதனையும் நேர்காணலும் உண்டு. ஏறத்தாழ 30 மணி நேரத் தொடக்கப் பயிற்சிக்குப் பின் நீதிபதி முன் உறுதிமொழி எடுக்கின்றனர். ஆண்டுதோறும் 12 மணி நேரம் தொடர் பயிற்சி பெறுகின்றனர். ஊதியம் பெறும் மேற்பார்வையாளர் ஒருவர் வழிகாட்டுகிறார். ஒருவரிடம் ஓரிரு வழக்குகளே தரப்படுகின்றன. வழக்கு முடியும்வரை உடனிருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வீடும் பள்ளியும் சமூகப் பணியாளரும் மாறிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு மாறாத ஒரு பெரியவர் கிடைப்பதே இந்த ஏற்பாட்டின் தலையாய பயன்.

பரிந்துரையாளர் வழக்கறிஞரோ சமூகப் பணியாளரோ அல்லர். குழந்தையைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது. பணம் கொடுக்கக் கூடாது. அறிந்தவற்றை வெளியே பேசக் கூடாது.

விமர்சனங்கள்

குழந்தையின் விருப்பமும், அதன் நலன் எனப் பரிந்துரையாளர் கருதுவதும் மாறுபடலாம். ‘அம்மாவிடம் போக வேண்டும்’ என்று கேட்கும் குழந்தைக்கு, அந்த விருப்பத்துக்காகவே வாதாடும் வழக்கறிஞர் வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். எல்லா மாநிலங்களிலும் அத்தகைய வழக்கறிஞர் கிடைப்பதில்லை.

இன, வர்க்க வேறுபாடு பற்றிய விமர்சனம் இன்னும் கடுமையானது. தன்னார்வலர்களில் வெள்ளையினப் பெண்களே மிகுதி; வழக்கில் சிக்கும் குடும்பங்களில் ஏழைகளும் கறுப்பினத்தாரும் பூர்வகுடியினரும் அதிகம். வறுமையைப் புறக்கணிப்பாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இதில் உண்டு. 2016-இல் ஏமி மல்சர், தாரா அர்ஸ் ஆகிய சட்ட அறிஞர்கள் இக்கோணத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரை பரவலாக விவாதிக்கப்பட்டது. பலன்களை அளப்பதும் எளிதன்று: சிக்கலான வழக்குகளுக்கே பெரும்பாலும் பரிந்துரையாளர் நியமிக்கப்படுவதால், மற்ற வழக்குகளோடு நேராக ஒப்பிட முடிவதில்லை.

குழந்தையை அறிந்த ஒருவர் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும் என்ற சூகப்பின் எண்ணத்தை இவ்விமர்சனங்கள் பொய்யாக்கவில்லை. குழந்தையை மட்டுமன்றி, அது பிறந்த குடும்பத்தையும் ஊரையும் மதித்து அறிந்தவரே அதன் நலனைச் சொல்லத் தகுதியானவர் என்பதையே அவை வலியுறுத்துகின்றன. இத்திட்டத்தின் பல கிளைகள் கறுப்பின, பூர்வகுடிச் சமூகங்களிலிருந்து தன்னார்வலர்களைத் தேடுவதும், பாகுபாடு பற்றிய பயிற்சியைச் சேர்த்திருப்பதும் அந்தத் திசையிலான முயற்சிகள்.