பதினான்கு நாட்களும் இருபத்தெட்டு நாட்களும்

உடலினுள்ளே மறைந்து வளரும் புற்றுநோய்களைப் போலன்றித் தோற்புற்றுநோய் கண்முன்னே தோன்றுவது. ஆயினும் அதனாலும் மனிதர் மாண்டு வந்துள்ளனர். நோய் தோன்றும் நாளுக்கும் அதனை இனங்காண வல்லவர் கண்ணிற் படும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். அவ்விடைவெளியைக் குறைக்க இங்கிலாந்து மேற்கொண்ட முயற்சியின் வரலாறு ஆராய்தற்குரியது.

1775 இல் இலண்டன் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துப்புரவாளரின் விதைப்பைத் தோலில் உண்டாகும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணமென எடுத்துக்காட்டினார். நோயாளரும் வைத்தியரும் அதனை மேகநோயெனப் பிழையாகக் கொண்டு இரச மருந்தைக் கையாண்டமையால் நோய் மேலும் முற்றியதென்பதையும் அவர் சுட்டினார். காலதாமதத்தின் வேர் அறியாமை என்பது அன்றே புலனாயிற்று.

1970 இல் அமெரிக்க நோயியலறிஞர் அலெக்சாண்டர் பிறெஸ்லோ, கருநிறப் புற்றாகிய மெலனோமாவின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்து, தடிப்பு மிகுமளவுக்கு ஆபத்தும் மிகும் என நிறுவினார். இதனால் விரைவின் அவசியம் அளவிடக்கூடியதாயிற்று. 1980களில் கிளாஸ்கோவில் றோனா மக்கி வகுத்த ஏழு அம்சப் பட்டியல், பருமன், வடிவம், நிறம் ஆகியவற்றின் மாற்றங்களைக் குடும்ப வைத்தியரும் கவனிக்க வழிசெய்தது.

1997 இல் பிரித்தானிய அரசு, புற்றுநோய்ச் சந்தேகத்துடன் அவசரமாக அனுப்பப்படுவோர் இரு வாரங்களுள் விசேட நிபுணரைக் காணவேண்டுமென உறுதியளித்தது. 1999 இல் மார்பகப் புற்றுநோய்க்கும், 2000 இல் ஏனைய புற்றுநோய்களுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. நோக்கம் நன்று. ஆனால் விதி அளந்தது வைத்தியசாலை வாயிலை அடையும் காலத்தையே. விடை கிடைக்கும் காலத்தையன்று. அவசர வரிசையில் வந்தோரிற் பெரும்பான்மையோர்க்குப் புற்றுநோய் இருக்கவில்லை. மறுபுறம், உண்மையான நோயாளர் சிலர் சாதாரண வரிசையிற் காத்திருந்தனர். 2023 ஒக்டோபரில் இவ்விதி நீக்கப்பட்டது. நோய் உண்டா இல்லையா என்பதை 28 நாட்களுள் நோயாளருக்கு அறிவிக்கும் நியதியே அதன் இடத்தைப் பெற்றது. உருப்பெருக்கிப் படங்களை நிபுணருக்கு அனுப்பி முன்கூட்டியே தரம்பிரிக்கும் முறையும் இன்று பரவி வருகின்றது.

எனினும் நாட்களை எண்ணுதல் மட்டும் போதாது. வெண்ணிறத் தோலை மனத்திற்கொண்டு பயின்ற கண்கள் கருநிறத் தோலிற் தவறக்கூடும். அத்தகையோரில் மெலனோமா அரிது. ஆனால் உள்ளங்காலிலும் நகத்தின் கீழும் தோன்றிப் பிந்தியே அறியப்படுவதுண்டு. பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தின் கீழ் இந்நோய் 1977 இல் அறியப்பட்டது. 1981 இல், 36 ஆவது வயதில், அவர் இறந்தார்.

பொட்டின் காலத்திலே குறைவாயிருந்தது நோயை இனங்காணும் அறிவு. விதிகள் விரைவைத் தரலாம். அவ்வறிவை வைத்தியக் கல்வியே தரவேண்டும். அது எந்நிறத் தோலுக்கும் பொதுவானதாய் அமையும்போதே விரைவு பயன்தரும் எனலாம்.