தோட்டத்துக்கு வந்த புது மோட்டாரும் முதல் ஆயிரம் கிலோமீட்டரும்



நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவற்றைக் கொண்டே நாம் எழுதி வருகிறோம். அவ்வரிசையில் மோட்டார்சைக்கிளுக்கும் ஓர் இடம் உண்டு என்பது என் எண்ணம். புது மோட்டாரை வாங்கியவர் அதன் இயந்திரத்தை எவ்வாறு பழக்கினார் என்பதையும் அவ்வரலாற்றோடு சேர்த்தே காண வேண்டும்.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958 ஆகஸ்டில் 'சூப்பர் கப்' மோட்டாரை வெளியிட்டது. 49 சிசி கொள்ளளவு. கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. அதே ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ மலாயாவில் ஹோண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்றார். 'கப்' என்பதோடு, சிறியது எனப் பொருள்படும் 'சாய்' என்னும் கண்டோனீசுச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று என்பர்.

ரந்தாவ் அருகே லின்சம், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் சுவா பெத்தோங், பகாவ் பக்கம் ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்களில் வாழ்ந்தோருக்குப் பட்டணத்து மருத்துவமனையும் இடைநிலைப்பள்ளியும் தொலைவில் இருந்தன. மோட்டார் அத்தொலைவைக் குறைத்தது. ஆனால், அதன் விலை மாதத் தவணையாகக் கழிய வேண்டும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் குறையும். தவணையோ மழைக்காகக் காத்திராது. எனவே, இயந்திரம் கெட்டால் குடும்பக் கணக்கே கெட்டது.

இயந்திரம் பழகுவது எவ்வாறு?

சிலிண்டரின் உட்சுவர் பார்வைக்கு வழவழப்பாகத் தோன்றும். உண்மையில், சாணைக்கல்லால் இழைத்த குறுக்கும் மறுக்குமான நுண்கோடுகள் அதில் உள்ளன. பிஸ்டனைச் சுற்றிய வளையங்கள் அக்கோடுகளின் மேடுகளை உரசித் தேய்த்துச் சுவரோடு பொருந்திக்கொள்கின்றன. பொருத்தம் சரியாக அமைந்தால் அழுத்தம் கசியாது. எண்ணெயும் மேலேறி எரியாது.

தொடக்கத்திலேயே முறுக்கி ஓட்டினால் உரசும் இடங்கள் மிகுதியாகச் சூடேறி, எண்ணெய்ப் படலம் அறுந்து, சுவரில் கீறல் விழும். ஒரே வேகத்தில் ஆமைபோல் ஊர்வதும் தவறே. எரிபொருள் எரியும்போது எழும் அழுத்தமே வளையங்களைச் சுவரோடு அழுத்துகிறது. ஆகவே வேகத்தை மிதமாக ஏற்றியும் இறக்கியும், கியர்களை மாற்றியும் ஓட்டுவதே முறையாகும்.

இங்கேதான் தோட்டத்துக்கே உரிய சிக்கல் எழுகிறது. கப்சாய் காற்றால் குளிர்வது. செம்மண் மேட்டில், முதல் கியரில், பின்னால் சுமையோடு மெல்ல ஏறினால் காற்றோட்டம் குறைவு, வெப்பமோ மிகுதி. செம்மண் தூசியும் காற்று வடிகட்டியை அடைக்கும். பகாவிலிருந்து கோலாப்பிலா வழியாகச் சிரம்பான் செல்வோர் புக்கிட் புத்துஸ் மலையின் கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டியிருந்தது. புது இயந்திரத்தை இருவரோடும் மூட்டையோடும் அம்மலையில் ஏற்றுவது அதனைச் சோதிப்பதற்கு ஒப்பாகும்.

மற்றொன்று எண்ணெய். பழைய கப் இயந்திரத்தில் காரில் உள்ளதைப் போல மாற்றக்கூடிய காகித வடிகட்டி இல்லை. வலைச் சல்லடையும் சுழல் வடிகட்டியுமே உண்டு. ஒரு லிட்டருக்கும் குறைவான அதே எண்ணெய்தான் பிஸ்டன், கியர், கிளட்ச் அனைத்துக்கும். தேய்ந்த உலோகத் துகள்கள் கலந்த அம்முதல் எண்ணெயைக் கையேடு குறிக்கும் தூரத்திலோ அதற்கு முன்போ வடித்துவிட வேண்டும். அச்சிறு செலவை மிச்சம் பிடிப்பது பெருஞ்செலவில் முடியும்.

பின்னர் சி70, இஎக்ஸ்5, 1996இல் மோடெனாஸ் கிரிஸ் என மோட்டார்கள் பெருகின. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுவந்ததும் இதே கப்சாய்தான்.

இன்றைய இயந்திரங்கள் நுட்பமாக இழைக்கப்படுவதால் முன்னளவு கவலை வேண்டியதில்லை. எனினும் மேற்கண்ட விதிகள் மாறவில்லை. பழகாதவர் இன்று ஓட்டுநரே. நம் நாட்டில் 16 வயதில் பி2 உரிமம் பெறலாம். முதல் ஈராண்டுகள் 'பி' உரிமக் காலம். தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம். ஆயினும், சாலை விபத்துகளில் மாள்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் சென்றவர்களே.

மகனுக்குப் புது மோட்டார் வாங்கித் தரும் பெற்றோரே, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கான விதிகளை அவனோடு அமர்ந்து படியுங்கள். மிதவேகம், குறைந்த சுமை, இடையிடையே ஓய்வு ஆகிய மூன்றும் இயந்திரத்துக்கும் வேண்டும், அவனுக்கும் வேண்டும்.