கை திரும்ப வருமா?

பக்கவாதம் வந்தவர் வீட்டில் முதல் நாள், "உயிருக்கு ஆபத்து இல்லையே?" என்று கேட்பார்கள். இரண்டு மூன்று நாளில் கேள்வி மாறிவிடும்: "டாக்டர், கை திரும்ப வருமா?" சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் தெருவிலேயே சில வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். "போகப் போகத்தான் தெரியும்" என்பதே நெடுநாள் பதிலாக இருந்தது. அந்தப் பதில் மாறிவரும் கதை இது.

1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அன்று கழுத்து ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். குழாய்கள் தெரியும், மூளை தெரியாது. 1951இல் அமெரிக்காவின் டுவிட்செல், பக்கவாத நோயாளிகளைப் படுக்கையருகிலேயே தொடர்ந்து கவனித்து, அசைவு எந்த வரிசையில் திரும்புகிறது என்று எழுதினார். பெரும்பாலும் தோள் முன்னே, விரல் பின்னே.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டனில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்ட் வேலை பார்த்தது, நாம் இசைத்தட்டுகளில் பெயர் பார்த்த அதே இ.எம்.ஐ. கம்பெனியில்! 1979இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மூளைக்குள் ரத்தக்கசிவா, அடைப்பா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆனால் கை வருமா என்பதற்கு அந்தப் படம் பதில் சொல்லவில்லை. பாதிப்பின் அளவைவிட இடம்தான் முக்கியம்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து வண்டி செங்கல்பட்டு வந்துசேர வேண்டுமானால் நடுவில் தண்டவாளம் அறாமல் இருக்க வேண்டும். அதுபோல மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பிறகு வந்த எம்.ஆர்.ஐ. காட்டியது. நரம்பிழை நெடுக நீர் எப்படி நகர்கிறது என்பதை வைத்து இதைக் கணிக்கிறார்கள்.

2012இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர் ஒரு முறை வகுத்தார்கள். மூன்று நாளுக்குள் தோளைத் தூக்க முடிகிறதா, விரலை நீட்ட முடிகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். குறைவாக இருந்தால் தலைமேல் காந்தத் துடிப்பு கொடுத்துக் கைத்தசை துடிக்கிறதா என்று சோதிப்பார்கள். அதாவது, தண்டவாளத்தில் ஒரு சோதனை வண்டி! அதுவும் இல்லையென்றால்தான் எம்.ஆர்.ஐ.

வேடிக்கை என்னவென்றால், 2017இல் இம்முறையைத் திருத்தியபோது எம்.ஆர்.ஐ.யையே எடுத்துவிட்டார்கள். படுக்கையருகில் போடும் பக்கவாதத் தீவிர மதிப்பெண்ணே அந்த இடத்துக்குப் போதுமாக இருந்தது. மூன்று மாதம் கழித்துக் கை எப்படியிருக்கும் என்ற கணிப்பு நூற்றுக்கு 75 பேருக்குச் சரியாக வந்தது.

மீதி 25 பேரையும் மறக்கக்கூடாது. "வராது" என்று யாரோ சொன்னதும் பயிற்சியை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "வந்துவிடும்" என்று நம்பி எண்ணெய்க்கும் மருந்துக்கும் கடன்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கணிப்பு தலையெழுத்து அல்ல. எந்தக் கைக்கு எந்தப் பயிற்சி, எப்போது மறு கையைப் பழக்குவது என்று திட்டமிடத்தான் அது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், ஸ்கேன் படத்தைப் பற்றிக் கேட்பதோடு நிற்காமல், "விரல் நீள்கிறதா, தோள் எழுகிறதா?" என்றும் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.