நிரூபணக் களம்

எனிவெடாக்கை வரைபடத்தில் தேடினால் ஒரு புள்ளி கிடைக்கும். பெரிய படத்தில் பார்த்தால் அது புள்ளியல்ல, நடுவில் நிலமே இல்லாத ஒரு வளையம். வட அட்சம் பதினொன்றரைப் பாகை, கிழக்குத் தீர்க்கம் 162 பாகையை ஒட்டி, மார்ஷல் தீவுகளின் வடமேற்கு ஓரத்தில் கிடக்கிறது. ஹொனலூலுவிலிருந்து மேற்கே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய 40 திட்டுகள். நடுவில் கடற்காயல். திட்டுகளையெல்லாம் கூட்டினாலும் நிலம் ஆறு சதுர கிலோமீட்டர் தேறாது. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்கள்தான் உயரம். இவ்வகை வளையத் தீவுக்கு உலகம் முழுவதும் வழங்கும் 'அடோல்' என்ற சொல் மாலத்தீவு மொழியிலிருந்து போனது.

அமெரிக்கா 1947-ல் இந்தப் பகுதிக்கு வைத்த பெயர் 'பஸிபிக் நிரூபணக் களம்'. ஆயுதத்தைச் சுட்டுச் சரிபார்க்கும் இடத்துக்கு ராணுவ வழக்கில் அப்படிப் பெயர். எனக்கு இந்தச் சொல்லை விட்டு நகர முடியவில்லை. 1952-ல், அதே தீவுக் கூட்டத்தில், சில மாத இடைவெளியில், இரண்டு விஷயங்கள் நிரூபணமாயின.

முதலாவது சார்ல்ஸ் டார்வினுடையது. பவழப் பூச்சி வெளிச்சம் எட்டும் ஆழத்தில்தான் வாழும். அப்படியானால் ஆழ்கடலின் நடுவே பவழ வளையங்கள் எதன்மேல் நிற்கின்றன? ஒரு பவழத் திட்டையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தபோதே, அவர் பதிலை யோசித்துவிட்டார். கடலிலிருந்து எழுந்த எரிமலை மெல்ல அமிழ்கிறது. அதன் கரையைச் சுற்றி வளர்ந்த பவழம், அமிழும் வேகத்துக்கு ஈடாக மேல்நோக்கி வளர்கிறது. கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது. 1842-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். எதிர்ப்பு இருந்தது. யாராவது ஒரு கோடீசுவரர் பஸிபிக் தீவொன்றில் துளைபோட்டுப் பார்த்தால் தேவலை என்று 1881-ல், சாவதற்கு முந்திய வருஷம், கடிதத்தில் எழுதினார். 1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொசைட்டி ஃபூனஃபூட்டியில் துளைபோட்டது. 340 மீட்டர் போயும் பவழச் சுண்ணாம்புதான் வந்தது. மலை தட்டுப்படவில்லை.

டார்வின் வேண்டிய கோடீசுவரர் 1952-ல் வந்தார். அவர் அணுசக்திக் கமிஷன். குண்டு வெடிக்கவிருக்கும் தீவின் அடித்தளம் எப்படிப்பட்டது என்று அறியவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்தது. பூகர்ப்ப ஆய்வாளர்கள் இரண்டு ஆழ்துளைகள் போட்டார்கள். தென்கிழக்கே பாரித் தீவில் சுமார் 1,270 மீட்டரில் எரிமலைப் பாறை கையில் கிடைத்தது. வடக்கே எலுகெலாப் தீவில் சுமார் 1,400 மீட்டரில் துரப்பணம் கடினமான பாறையில் முட்டியது. அதற்கு மேலே இருந்த அவ்வளவும், பவழமும் சிப்பியும் மூன்று கோடி வருஷங்களுக்கு மேலாகக் கட்டியெழுப்பிய சுண்ணாம்பு. நூற்றுப் பத்து வருஷங்களுக்குப் பிறகு டார்வின் சொன்னது சரி என்றாயிற்று.

இரண்டாவது நிரூபணம் 1952 நவம்பர் 1-ந் தேதி. 'மைக்' என்று பெயரிட்ட ஹைட்ரஜன் சாதனத்தை வெடித்தார்கள். வலிமை 10.4 மெகாடன், ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு. வைத்த இடம் அதே எலுகெலாப். தீவு இல்லாமற் போயிற்று. அது இருந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் அகலமும் 50 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம். டார்வினை மெய்ப்பித்த துளையின் வாயும் தீவோடு போயிற்று. வெடிப்பின் புழுதியைச் சோதித்தபோது அதுவரை யாரும் கண்டிராத இரண்டு மூலகங்கள் அகப்பட்டன. அவற்றுக்கு ஐன்ஸ்டைனின் பெயரையும் ஃபெர்மியின் பெயரையும் வைத்தார்கள்.

விஞ்ஞானத்தைப் பற்றி எழுதும் நம்மவர்களுக்குக் கத்தி உவமானம் ஒன்று தயாராக இருக்கும். பழமும் நறுக்கலாம், கழுத்தும் அறுக்கலாம். குற்றம் கையுடையது, கத்தியுடையது அல்ல. எனிவெடாக்கில் இந்த உவமானம் செல்லாது. இங்கே பழம் நறுக்கிய கை வேறு, கழுத்தறுத்த கை வேறு என்று பிரிக்க வழியில்லை. ஒரே ஸ்தாபனம், ஒரே வருஷம், ஒரே தீவு. அந்தத் துளையைப் போட வேறு யாரும் பணம் கொடுத்திருக்கமாட்டார்கள். அதற்காக டார்வின் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் உண்மைக்கும் ஒரு விலைச்சீட்டு உண்டு. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உண்மையை மட்டும் வைத்துக்கொள்வதைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

விலை கொடுத்தவர்கள் யார்? எனிவெடாக்கில் ஜனங்கள் இருந்தார்கள். தெற்கே எனிவெடாக்காரர்கள், வடக்கே என்ஜெபிக்காரர்கள் என்று இரண்டு பிரிவு. முதல் உலக யுத்தத்தில் ஜப்பான் பிடித்துக்கொண்டது. 1944 பிப்ரவரியில் ஒரு வாரச் சண்டையில் அமெரிக்கா கைப்பற்றியது. 1947-ல் ஐக்கிய நாடுகள் சபை இந்தத் தீவுகளை அமெரிக்காவின் தர்மகர்த்தா பொறுப்பில் விட்டது. குடிகள் தங்கள் நிலத்தை இழக்காமல் காப்பது தர்மகர்த்தாவின் கடமை என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதே வருஷம் டிஸம்பரில் ஏறக்குறைய 140 பேரைக் கப்பலேற்றி, 200 கிலோமீட்டருக்கு அப்பால் உஜெலாங் என்ற இன்னும் சிறிய வளையத் தீவில் இறக்கினார்கள். பசியும் எலித் தொல்லையுமாக அங்கே 33 வருஷங்கள். அதற்குள் 1948 முதல் 1958 வரை எனிவெடாக்கில் 43 அணுச் சோதனைகள் நடந்தன.

1977 முதல் 1980 வரை ராணுவமே வந்து சுத்தம் செய்தது. ருனிட் தீவில் 1958-ல் ஒரு குண்டு தோண்டிய பள்ளம் இருந்தது. விஷம் ஏறிய மண்ணையும் இடிபாட்டையும், எழுபதாயிரம் கன மீட்டருக்கு மேல், சுரண்டி அதில் கொட்டினார்கள். மேலே 46 சென்டிமீட்டர் கனத்தில் 358 கான்கிரீட் பலகைகளால் மூடி போட்டார்கள். கீழே எதுவும் பூசவில்லை. அடியில் இருப்பது ஓட்டைகள் நிறைந்த பவழம், கடல்நீர் வந்துபோகும் பவழம். வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இது தெரிந்த காரியம்தான். எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். பேரேடு நேராகிவிடும், தொகை அப்படியே இருக்கும். ருனிட் கூரைக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே காயலின் தரையில் படிந்திருக்கும் கதிரியக்கமே அதிகம். புளூட்டோனியம் பாதியாகக் குறைய 24,000 வருஷங்கள் ஆகும்.

1980-ல் ஜனங்கள் திரும்பினார்கள், தெற்குத் தீவுகளுக்கு மட்டும். என்ஜெபிக்காரர்கள் திரும்பியும் தங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. 2000-ல் மார்ஷல் தீவுகளின் நஷ்டஈட்டு மன்றம் எனிவெடாக்குக்கு 32 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. அமெரிக்கா கொடுத்திருந்த நிதியோ பாதிக்கப்பட்ட நான்கு வளையத் தீவுகளுக்கும் சேர்த்து 15 கோடிதான். தீர்ப்பில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மனுவை விசாரணைக்கு எடுக்கவே மறுத்துவிட்டது.

எனிவெடாக்கை மூன்று கடிகாரங்களால் அளக்கலாம். பவழத்தினுடையது கோடி வருஷக் கணக்கு. புளூட்டோனியத்தினுடையது ஆயிரக் கணக்கு. இரண்டையும் அளந்து தசம ஸ்தானம் வரை எழுதிவைத்திருக்கிறார்கள். மூன்றாவது, உஜெலாங்கில் கழிந்த 33 வருஷம். அதற்குள் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, தானும் குழந்தை பெற்றிருக்கும். இந்த மூன்றாவதைத்தான் நிரூபிக்கச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களையே கோர்ட்டுக்கு அனுப்பினார்கள்.