திண்ணை முதல் தனிப்பயிற்சி வரை: கல்விக்கு வீடு கொடுத்த விலை

டியூஷன் எனப்படும் தனிப்பயிற்சி, அண்மைக்காலத்துப் பெற்றோரின் பேராசையால் விளைந்தது என்பது பரவலான கருத்து. சென்னை மாகாணக் கல்வி வரலாற்றை நோக்கின் இக்கருத்து நிலைபெறுவதற்கில்லை. ஆசிரியருக்கு வீடு நேரே பொருள் கொடுப்பது இங்குப் பழைய வழக்கு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்காக, பள்ளிக்கு வெளியே மீண்டும் ஒருமுறை கொடுப்பதே புதியது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிகளைப் பற்றிய விவரங்களை மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து கேட்டுப் பெற்றார். அவற்றைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்கிறது. அதனினும் கருதத்தக்கது சென்னை நகரத்துக் கணக்கு. அங்குப் பள்ளியில் பயின்றோர் ஏறத்தாழ 5,500 பேர். வீட்டிலேயே பயின்றோர் ஏறத்தாழ 27,000 பேர். இவ்வெண்ணில் பிழை இருக்கக்கூடும் என மன்றோவே ஐயுற்றார். ஐயம் பொருத்தமானதே. ஆயினும் பாதியைத் தள்ளிவிட்டாலும், அந்நகரில் பள்ளியைவிட வீடே பெரிய கல்விக்கூடமாக இருந்தது என்பது மாறாது.

திண்ணைப் பள்ளியும் வீடுகளின் கொடையாலேயே நடந்தது. அண்ணாவிக்கு மாதந்தோறும் சிறுதொகையோ நெல்லோ கிடைத்தது; நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்து வீடுவீடாகச் சென்று பெற்றதும் அவருக்கே சேர்ந்தது. அங்குக் கற்பதற்குத்தான் விலை. கற்றதை மெய்ப்பிக்கும் சான்றிதழ் ஒன்றும் இல்லை. (இக்கொடைக்கும் வழியின்றி, சாதியாலும் ஒதுக்கப்பட்டோர் திண்ணையின் அருகிலும் வரவில்லை என்பதை மறந்து அக்காலத்தைப் போற்றுவார் உளர்.)

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி, மெட்ரிகுலேஷன் தேர்வு அரசுப் பணிக்கும் உயர்கல்விக்கும் வாயிலானபோது கற்றலும் சான்றும் இருவேறு பொருள்களாயின. பின்னர்த் தேர்வில் தவறியோருக்கென ‘டுடோரியல்’ கல்லூரிகள் எழுந்தன. பள்ளி ஒன்று, தேர்வுக்கான பயிற்சி மற்றொன்று எனப் பிரிந்தமைக்கு அப்பெயரே சான்று. இப்பயிற்சியை மார்க் பிரே 1999இல் ‘நிழற்கல்வி’ என்று குறித்தார். பள்ளி அசைய, அதன் நிழலும் அசையும்.

தமிழகத்தில் இவ்வசைவைத் தெளிவாகக் காணலாம். தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத்தேர்வு 1984இல் வந்தது. அதனைச் சார்ந்து பயிற்சி மையங்கள் பெருகின. 2006இல் இயற்றிய சட்டத்தால் அத்தேர்வு நீங்கியபோது தனிப்பயிற்சி அழிந்துவிடவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணைத் தேடி இடம்பெயர்ந்தது. 2017இல் நீட் தேர்வின் வழியே மருத்துவச் சேர்க்கை தொடங்கியதும் மீண்டும் திரும்பியது. இம்முறை செலவோடு ஆண்டையும் சேர்த்துக் கேட்டது. ஏ.கே. ராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2020-21இல் மருத்துவ இடம் பெற்றோருள் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மீண்டும் எழுதியவர்கள். ஓராண்டு வருவாயின்றிக் காத்திருக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இது எத்தகைய வாயில் என்பது விளக்க வேண்டாதது.

எனினும் எல்லாவற்றையும் தேர்வின்மேல் ஏற்றிவிட இயலாது. அமர்த்தியா சென் நிறுவிய பிரதீசி அறக்கட்டளை, மேற்கு வங்கத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2002இலும் 2009இலும் அறிக்கைகள் வெளியிட்டது. தனிப்பயிற்சியை நாடிய குழந்தைகள் இவ்விடைவெளியில் 57 விழுக்காட்டிலிருந்து 64 விழுக்காடாயினர். இவர்கள் முன்னே எந்த நுழைவுத்தேர்வும் இல்லை. எழுத்தறியாப் பெற்றோர், பள்ளி தராததை வேறிடத்தில் வாங்கினர், அவ்வளவே. ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தலாகாது எனக் கல்வி உரிமைச் சட்டம் (2009) 28ஆம் பிரிவில் விலக்கியது. அது கற்பிப்போரைத் தடுத்ததேயன்றி வேண்டுவோரின் தேவையைத் தொடவில்லை.

2025இல் வெளியான தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய மாணவருள் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சி பெறுகின்றனர், நகரத்தில் 30.7, சிற்றூரில் 25.5. இடைவெளி சிறிதே. செலவில்தான் அது விரிகிறது: மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு நகர வீடு சராசரியாக 9,950 ரூபாய் தருகிறது, சிற்றூர் வீடு தருவது 4,548 ரூபாய்.