கனுப்பிடியின் மூலம்

தை மாதத்து இரண்டாம் நாள் விடியலில் ஸ்த்ரீகள் கனுப்பிடி வைப்பது, கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர் முதலான திவ்யதேசங்களின் க்ருஹங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். மஞ்சள் இலை பரப்பி, முதல்நாள் அன்னத்தை மஞ்சளும் சிவப்பும் வெண்மையுமாகப் பிடித்து, கரும்புத் துண்டோடு காகங்களுக்கு வைத்து, உடன்பிறந்தார் குலம் தழைக்க வேண்டிக்கொள்வர். இதன் மூலம் யாது? ப்ரபந்நர் இல்லத்தில் இது தேவதாந்தர பஜனமாகாதோ என்னும் சங்கையும் எழுவதுண்டு.

சிலர் இதனைப் பித்ரு கர்மமென்பர். அது பொருந்தாது. பித்ரு கர்மம் ஸ்நானத்துக்குப் பின், எள்ளும் தர்ப்பையும் கொண்டு, மறைந்தாரை உத்தேசித்து, மந்த்ரத்தோடு செய்யப்படுவது. கனுப்பிடியோ நீராடுவதற்கு முன்னரே, மந்த்ரமின்றி, மங்கள வர்ணங்களோடு, வாழும் உடன்பிறந்தாரை உத்தேசித்து வைக்கப்படுவது.

காகாஸுர வ்ருத்தாந்தத்தை மூலமாகக் கூறுவாரும் உளர். பிராட்டி ஸந்நிதியாலே அக்காகம் பிழைத்தமையை முமுக்ஷுப்படி எடுத்துக் காட்டுவது, அவளுடைய புருஷகார வைபவத்தை உணர்த்தற்கே. காகத்துக்கு அன்னமிடும் விதி அங்கில்லை.

மூலம் தேடத்தக்க இடங்கள் இரண்டு. பஞ்ச மஹாயஜ்ஞங்களுள் பூதயஜ்ஞம் ஒன்று. காகத்துக்கும் க்ருமிகளுக்கும் நிலத்தில் அன்னமிடுமாறு மநு ஸ்ம்ருதியின் மூன்றாம் அத்யாயம் விதிக்கிறது. மற்றொன்று தமிழ் வழக்கு. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய குறுந்தொகை 210ஆம் பாட்டில், விருந்து வரக் கரைந்த காக்கைக்கு எத்துணை நெய்ச்சோறு பலியிட்டாலும் சிறிதே என்கிறாள் தோழி. பெண்ணொருத்தி, வாழும் உறவின் நலம், காக்கைக்கு அன்னம் என்னும் மூன்றும் அங்கே ஒருங்கே நிற்கின்றன. கனுப்பிடியின் பாவம் இதுவே.

காலமும் கருதத்தக்கது. ஸூர்யன் வடக்கே திரும்பும் நாள் இப்போது டிசம்பர் 21 அல்லது 22. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அது மகர ஸங்க்ரமணத்தோடு ஒத்திருந்தது. அந்த ஸங்க்ரமணத்தையொட்டியே, குமாவோன் மலைநாட்டுச் சிறுவர் மாவுப் பண்டங்களை மாலையாகக் கோத்துக் காகங்களைக் கூவியழைத்து ஊட்டுவர். நார்வே தேசத்தாரும் பனிக்காலத்துக் கிறிஸ்துமஸில் பறவைகளுக்குக் கதிர்க்கட்டு கட்டி வைப்பர். ஆண்டு திரும்பும் வேளையில் பறவைக்கும் பங்கிடுதல் ஒரு தேசத்துக்கோ ஒரு குலத்துக்கோ மட்டும் உரியதன்று.

இனி சங்கைக்கு ஸமாதானம். கோவலூர் ஆயனார் உலகளந்தபோது, குணாகுணம் பாராதே எல்லார் தலையிலும் திருவடி வைத்தான் என்பர் வ்யாக்யாதாக்கள். காகமும் அத்திருவடி தீண்டிய ஜீவனே. இங்கு அது உபாஸ்யமன்று, அன்னம் பெறும் அதிதி. ஆகையால் பெண்கள் இவ்வழக்கத்தை விடவேண்டுவதில்லை. பித்ரு கர்மமென்று மயங்கவும் வேண்டா.